கல்லில் எழுதிய ஊதியமும் உறைக்குள் மூடிய சம்பளமும்

(உத்திரமேரூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் மிக நீளமான ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. ஏறக்குறைய 950 ஆண்டுப் பழமை. அந்தக் கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையும் நடந்திருக்கின்றன. மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஊதியம் என்பதை அந்தக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். கலத்துக்கு 12 குறுணி என்று கணக்குப் போட்டால் வைத்தியருக்கு நாளுக்கு மூன்று குறுணி, அறுவை செய்தவருக்கு ஒரு குறுணி. மூலிகை கொண்டு வந்தவர்கள், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமந்தவர் என்று யாருடைய ஊதியமும் விட்டுப்போகவில்லை.

அறுவை செய்தவருக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று இன்று நாம் கேட்கலாம். அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்பதற்கு வழி இருந்தது. ஊதியம் சுவரில் இருந்தது. அந்தச் சுவர்வரை போக எல்லாச் சாதியாருக்கும் உரிமை இருந்ததா என்பது வேறு கேள்வி. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இன்னாருக்கு இவ்வளவு என்பதை மறைக்க வேண்டிய செய்தியாக அந்தக் காலம் நினைக்கவில்லை.

இன்று நம் வட்டத்திலிருந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. சம்பள விவரத்தை வேறு எவரிடமும் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு விதி எழுதியிருப்பது வழக்கம். பிள்ளைகள் அந்த விதிக்கு நிறுவனத்துக்குள் கட்டுப்படுவதோடு நிற்பதில்லை. பெற்ற தாயிடமும் சொல்வதில்லை. இந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மென்பொருள் வேலையின் சம்பளம், அதற்கு ஊர் தரும் மதிப்பு, அதை வைத்து நடத்தவேண்டிய குடும்பச் செலவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விலகிப் போய்விட்டன. விலகியது வெளியே தெரியாமல் இருப்பதற்கு இந்த மௌனமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அந்த மதிப்பு எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். தரமணியில் டைடல் பார்க் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. சிறுசேரி சிப்காட் வந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. அங்கே இன்ஃபோசிஸ் பெரிய வளாகம் கட்டியது. ரயில் இல்லாத நம் ஊரிலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்துப் போனால் எட்டக்கூடிய தூரத்தில் வேலை வந்து நின்றது. அதற்கு முன்பே, 1997இல், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கியிருந்தது. யாரையும் தெரியாத வீட்டுப் பையனும் மதிப்பெண்ணை வைத்துப் பொறியியல் கல்லூரிக்குள் போக முடிந்தது. 2007இல் நுழைவுத் தேர்வும் போனது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது.

2005 வாக்கில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை மாதம் 15,000 ரூபாய் பக்கம் வாங்கினான். அன்று ஒரு சவரன் தங்கம் 5,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அதாவது முதல் மாதச் சம்பளத்தில் மூன்று சவரன். அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இருபது வருடம் வேலை பார்த்து எட்டிய சம்பளத்தை அவன் முதல் மாதமே தொட்டுவிட்டான். ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாயின. அக்காக்களுக்குக் கல்யாணம் நடந்தது. அடகில் இருந்த நிலம் திரும்பியது. காலனியிலிருந்து போன பிள்ளைகள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்கு நாற்று நட்டவர்களின் பெண்கள் எல்லோரும் அந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்தார்கள். நம் பகுதியில் நூறாண்டில் நடக்காத ஒன்று பத்தாண்டில் நடந்தது. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். மென்பொருள் துறையைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

படிப்பு நிலத்துக்கு ஈடாக நிற்பதை இந்த ஊர் ஒருமுறை கல்லில் எழுதியிருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதி என்ன என்று அவை சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. அதிகம் பேசப்படாத ஒரு விதியும் அதில் உண்டு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுப் பிறருக்கு விளக்கவும் வல்லவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். படித்தவனுக்கு நிலத் தகுதி பாதியாகக் குறைந்தது. அது பிராமணர்கள் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்தப் படிப்பும் அந்த நிலமும் மற்றவர்களுக்குக் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, அரைக்கால் வேலிகூட இல்லாத வீடுகளில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு பொறியியல் பட்டம் சபையில் இடம் வாங்கித் தந்தது. அதனால்தான் அந்தப் பட்டத்தின்மேல் நம் மக்கள் வைத்த நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருக்கிறது. யாரும் அதை எளிதில் விட மாட்டார்கள்; விடவும் வேண்டாம்.

ஆனால் அந்த நம்பிக்கை 2005ஆம் ஆண்டுச் சம்பளத்தின் மேல் எழுந்தது. இன்றைய நிலையைப் பார்ப்போம்.

அண்மையில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவன் ஒருவன் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாப் பெரிய சர்வீஸ் கம்பெனியிலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் பேக்கேஜ். மாதத்துக்குப் பிரித்தால் 28,000. இதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதிப் பங்கு 1,800 சேர்ந்திருக்கிறது. ஐந்து வருடம் வேலை பார்த்த பிறகே கைக்கு வரும் பணிக்கொடைக்காக ஒரு 600. மருத்துவக் காப்பீட்டுக்கு 500. ‘வேரியபிள் பே’ என்று 900. அது வந்தாலும் வரும், வராமலும் போகும். இவை எல்லாம் கழிந்து 24,200. அதில் அவன் பங்கு வைப்புநிதி 1,800, தொழில்வரிக்கு ஏறக்குறைய 200. கையில் வருவது 22,200.

செலவையும் எழுதச் சொன்னேன். பெருங்குடியில் மூன்று பேர் சேர்ந்து தங்கும் விடுதி, காலை இரவு சாப்பாட்டோடு 7,500. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் 1,800. மதியச் சாப்பாடும் டீயும் 2,200. செல்போன் 400. படிப்புக்கு வாங்கிய 4 லட்சம் கடனுக்குத் தவணை 5,300. வீட்டுக்கு 3,000. ஆக 20,200. மிச்சம் 2,000. அந்த இரண்டாயிரத்தில்தான் சட்டை, செருப்பு, காய்ச்சல் வந்தால் மருந்து, நண்பன் கல்யாணத்துக்கு மொய், பொங்கலுக்கு ஊருக்கு வரும் செலவு.

அவன் அம்மா எங்கள் தெருவில் சொன்னது, “பையனுக்கு மூன்றரை லட்சம் பேக்கேஜ்.” அவர் பொய் சொல்லவில்லை. கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் கூலியை நாளுக்கு இவ்வளவு என்போம், சம்பளத்தை மாதத்துக்கு இவ்வளவு என்போம். வருடத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் பழக்கம் நம் தெருக்களில் இருந்ததில்லை. லட்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் அதை மாதத்தோடு சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வாரமே தூரத்து உறவில் ஒருவர் அவனிடம் ஐம்பதாயிரம் கைமாற்றுக் கேட்டார். கோயில் திருப்பணி நோட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு தொகையை அவனைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள். சம்பளம் உறைக்குள் இருக்கிறது, மொய்யும் நன்கொடையும் மட்டும் ஊரறிய நோட்டில் ஏறுகின்றன.

இப்போது ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். இந்தச் சுற்று வட்டாரத்தில் கொத்தனாருக்கு நாள் கூலி இன்று ஆயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை. மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் 24,000. மழைக்காலத்தில் வேலை இல்லை, வைப்புநிதி இல்லை, சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க ஆளில்லை; இவை பெரிய குறைகள், நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் வரும் காசு புதிதாய்ச் சேர்ந்த பொறியாளரைவிட ஒரு பிடி கூடவே. கொத்தனார் உயர்ந்துவிட்டாரே என்று யாரும் வருந்த வேண்டாம். அவருக்கு இன்னும் கூடக் கிடைக்க வேண்டும். நான் கேட்பது வேறு. பதினைந்து ஆண்டுக்கு முன் நானூறு, ஐந்நூறாக இருந்த அவர் கூலி இருமடங்குக்கு ஏறிவிட்டது. பொறியாளரின் தொடக்கச் சம்பளம் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது?

அது நின்றுவிட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுத்தது 2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டி இருந்தது. இன்றும் கீழ்ப்படியில் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே இருக்கிறது. அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2012ஐ நூறாக வைத்தால் 2024 முடிவில் ஏறக்குறைய 196. அதாவது அன்று நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இன்று இருநூறு. அன்றைய மூன்று லட்சத்துக்கு ஈடாக இன்று ஆறு லட்சம் தந்தால்தான் பழைய இடத்தில் நிற்கலாம். தங்கத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் கசக்கும்: 2025இல் சவரன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. 2005இல் மாதச் சம்பளத்தில் மூன்று சவரன் வாங்கியவனின் தம்பி இன்று நான்கு மாதச் சம்பளத்தை அப்படியே சேர்த்தாலும் ஒரு சவரன் வாங்க முடியாது. பெண்ணைப் பெற்ற வீட்டார் போட வேண்டிய தங்கக் கணக்கு என்னவோ குறையவில்லை.

ஏன் நின்றது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், பொறியாளர்கள் பெருகிவிட்டார்கள் என்பது. உண்மைதான். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஒருகட்டத்தில் 500ஐத் தாண்டின. ஏரி நிரம்பி வழியும்போது தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது காரணம் அந்தத் தொழில் நடக்கும் முறை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இத்தனை ஆள், இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்குகிறார்கள். மேலே அனுபவசாலிகள் சிலர், கீழே புதியவர்கள் பலர். கீழே உள்ளவர்கள் மலிவாக இருந்தால்தான் லாபம் நிற்கும். மூன்றாவது காரணத்தை வெளியார் யாரும் சொல்லவில்லை, உள்ளே இருந்தவரே சொன்னார். இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் நிதித் தலைவராக இருந்த டி.வி. மோகன்தாஸ் பாய், பெரிய நிறுவனங்கள் தமக்குள் கூடிப் பேசிப் புதியவர்களின் சம்பளத்தை ஏறவிடாமல் வைத்திருக்கின்றன என்று 2017இல் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு நேரடியாக வேலை தெரிவதில்லை, நாங்கள்தான் மாதக்கணக்கில் பயிற்சி தருகிறோம் என்கிறார்கள். கணக்கும் தர்க்கமும் நன்றாக வருகிற பிள்ளைகளுக்கு அதே நிறுவனங்கள் ஏழு லட்சம், ஒன்பது லட்சம் என்று தனிப்படி வைத்திருக்கின்றன. நான்கைந்து வருடம் தாக்குப்பிடித்து வேறு கம்பெனிக்கு மாறினால் சம்பளம் இருமடங்காகும் என்பதும் நடப்பதுதான். என் பழைய மாணவர்களில் மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஆக மென்பொருள் பொறியாளர் என்ற ஒரே பெயருக்குள் இன்று இரண்டு வகுப்பு இருக்கிறது. ஊர் மேல்வகுப்பைப் பார்த்துக் கீழ்வகுப்புக்கும் மதிப்புப் போடுகிறது. அந்த மதிப்புக்கு ஏற்ற செலவைச் செய்யச் சொல்லி வற்புறுத்துகிறது. நியாயம் சொல்கிற நிறுவனங்களுக்கு நான் சொல்ல ஒன்றிருக்கிறது. 2024-25ஆம் நிதியாண்டில் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி பெற்றது 80 கோடி ரூபாய்க்கு மேல். புதியவரின் ஆண்டுச் சம்பளத்தைப்போல் அது 2,200 மடங்குக்கும் அதிகம். மேலே ஏற்றப் பணம் இருந்திருக்கிறது.

அந்த 80 கோடி நமக்கு எப்படித் தெரிகிறது? 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் தன் இயக்குநர்களின் ஊதியத்தையும், அது சம்பள வரிசையில் நடுவில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் வெளியிட வேண்டும் என்கிறது. உச்சியில் இருப்பவரின் சம்பளம் ஊருக்குத் தெரிகிறது. அடியில் இருப்பவருடையது பக்கத்து நாற்காலிக்காரனுக்குக்கூடத் தெரியக் கூடாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கொத்தனார் கூலி ஏன் ஏறியது? டீக்கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் இன்றைய கூலி என்னவென்று தெரியும். வாலாஜாபாத்தில் நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்றால் மறுநாள் இங்கே மேஸ்திரியிடம் பேச்சு வந்துவிடும். பேச்சு வந்தால் கூலி ஏறும். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் 336 ரூபாய் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குறைத்துக் கொடுத்தால் பெண்கள் அங்கேயே கேட்டார்கள். கூலி தெரிந்த இடத்தில் கேள்வி இருக்கிறது. நன்றாகப் படித்து, ஆங்கிலம் பேசி, கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி இல்லை.

ஒருமுறை மட்டும் புதியவர்களின் சம்பளம் வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் ஆண்டுக்கு 2.52 லட்சத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி பரவி நாடே பேசியது. அது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, பொறியாளர்களுக்கு நான்கு லட்சத்திலிருந்து தருகிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பல்லாயிரம் கோடி வியாபாரம் செய்கிற நிறுவனத்தைச் சம்பளத்தைப் பற்றி நின்று பேச வைத்தது ஒரே ஒரு எண் வெளிப்பட்ட நிகழ்ச்சி.

வேலையில் மூத்தவர்களுக்கு இன்னொரு வகை மௌனம். 2014 கடைசியில் டிசிஎஸ் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது சென்னையில் ஒரு கர்ப்பிணி ஊழியர் உயர்நீதிமன்றம் போய் 2015 ஜனவரியில் தடை வாங்கினார். மென்பொருள் ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் வைக்க உரிமை உண்டு, தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. ஒன்பது வருடம் கழித்து 2025 ஜூலையில் அதே டிசிஎஸ் 2 சதவீத ஊழியர்களை, ஏறக்குறைய 12,000 பேரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தது. நடு, மேல் படிகளில் இருப்பவர்களே பெரும்பாலும் என்று சொன்னது. அந்தப் படிகளில் இருப்பவர்கள் யார்? 2005இல் மூன்று சவரன் வாங்கிய நம் முதல் கூட்டம். இன்று அவர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறார்கள். 40 லட்சம் கடனை எட்டரை வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 34,700. கட்டி முடிக்கும்போது 83 லட்சம் போயிருக்கும். வேலை போனால் மறுமாதம் ஐந்தாம் தேதி தவணை நிற்காது.

அப்படி வேலை போன ஒருவரை எனக்குத் தெரியும். எட்டு மாதம் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு எப்போதும் போல் வந்தார், எப்போதும் போல் நன்கொடை எழுதினார். மனைவியின் நகை செங்கல்பட்டில் அடகுக்குப் போனது அவருடைய அப்பாவுக்குத் தெரியாது. அந்த அப்பா வயல் வேலை செய்தவர். மகசூல் பொய்த்த வருடங்களை ஊரோடு பேசிப் பேசியே கடந்தவர். மகனால் அதைச் செய்ய முடியவில்லை. ஊர் கொடுத்த மதிப்பு அவருக்குப் பேச இடம் தரவில்லை. கடைசியில் பாதிச் சம்பளத்துக்கு வேறு வேலை கிடைத்தது. அதையும் அவர் சொல்லவில்லை. அவர் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை நம்முடையது.

இந்தத் துறைக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீடுகளையும் மறந்துவிடக் கூடாது. மென்பொருள் சம்பளம் நம் ஊருக்குள் வந்து இறங்கும் இடம் மனை. நல்ல சம்பளம் வாங்குகிறவர் முதலீடு, ஊர்ப்பாசம் இரண்டையும் சேர்த்து இங்கே ஒரு மனை வாங்கிப் போடுகிறார். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர்பெற்ற நம் பெரிய ஏரியின் பக்கம் நடந்து போனால், நெல் விளைந்த வயல்களில் மனைக்கல் நட்டிருப்பதைப் பார்க்கலாம். வீடு கட்ட வாங்கியவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை விலை ஏறட்டும் என்று காத்துக் கிடக்கின்றன. அங்கே நாற்று நட்ட குடும்பம் தனக்கென்று ஒன்றரை செண்ட் வாங்க முடியாத விலையில் நிற்கிறது. கல்யாண மண்டப வாடகை, ஆங்கிலப் பள்ளிக் கட்டணம், சமையல்காரர் கூலி எல்லாம் மேல்வகுப்பு மென்பொருள் குடும்பம் கொடுக்கக்கூடிய விலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டன. காஞ்சிபுரத்துக்குப் பட்டு நெய்கிற குடும்பமும், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை போகிற பெண்களும் அதே மண்டபத்தில்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாய்ச் சேர்ந்த பொறியாளரும் அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும், அவர் கையில் வருவது 22,200 என்பது மண்டபக்காரருக்குத் தெரியாது.

இந்த மௌனத்தை உடைக்க, வீடுகளில் முதலில் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பேக்கேஜைச் சொல்ல வேண்டாம். பிடித்தம் போக மாதம் கையில் என்ன வருகிறது, அதில் என்ன மிஞ்சுகிறது என்று சொல்லுங்கள். தந்தையர், கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். அவன் கொண்டுவருவது குறைவு என்று தோன்றினால், குறைத்துக் கொடுத்தவர்கள் யார் என்று யோசியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் மூத்த மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் படியில் என்ன சம்பளம், எதைக் கற்றால் அந்தப் படிக்கு வரலாம், முதல் மூன்று வருடத்தில் என்ன ஏமாற்றம் இருக்கும் என்பதைத் தம்பி தங்கைகளுக்குத் திறந்து சொல்லுங்கள். சங்கத்தில் சேர்வது அவமானம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கூடிக் கேட்டிராவிட்டால் எங்களுக்கு ஊதியக் குழுவும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது.

கல்லூரிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆனி, ஆடியில் செங்கல்பட்டு சாலை நெடுக விளம்பரப் பலகைகள் முளைக்கின்றன. உச்சமாக ஒருவருக்குக் கிடைத்த பேக்கேஜைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அறுநூறு பேர் படித்த இடத்தில் ஒருவர் வாங்கியது உங்கள் பிள்ளைக்கு எதையும் சொல்லாது. சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய இடைநிலை அளவு அதுதான். வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று அன்று கேட்டவர்களுக்கு இங்கே பயன்படும். தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த இடைநிலைச் சம்பளத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. தேடினால் கிடைக்கும்.

கல்லூரிக்கு நேரில் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். இறுதியாண்டில் எத்தனை பேர் இருந்தார்கள், வேலை கிடைத்தது எத்தனை பேருக்கு? நடுவில் நிற்பவருக்குக் கையில் மாதம் எவ்வளவு? ஆஃபர் லெட்டர் வந்ததிலிருந்து வேலையில் சேர எத்தனை மாதம் ஆனது? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் ஆஃபர் வாங்கிய ஏறக்குறைய 2,000 பேர் இரண்டு வருடம் சேர முடியாமல் காத்திருந்தது 2024இல் நாடறிந்த செய்தி. நான்காவது, நான்கு வருடத்துக்குப் பஸ் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கல்லூரியைக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் மேலே போடாதீர்கள்.

பட்டியல் போடத் தெரியாதவர்கள், கல்விக் கடன் படிவம் புரியாதவர்கள், பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து மாலை வேளைகளில் இந்த மண்டபத்துக்கு வாருங்கள். என்னோடு பணியாற்றிய ஆசிரியர்களும் வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் சம்பளச் சீட்டைப் பெயரை மறைத்துத் தரச் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவற்றையும் மேசையில் வைப்போம். மதிப்பெண் சான்றிதழும், வருமானச் சான்றிதழும், முதல் பட்டதாரி சான்றிதழும் கொண்டுவாருங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்குக் கூட்டம் சேரும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.